செவ்வாயின் தரையை வரைபடத்தில் வாசிப்பது எப்படி?

செவ்வாயின் படங்களைப் பார்த்தால் எங்கும் ஒரே செம்மண் காடாகத் தெரிகிறது. அப்படியிருக்க தார்சிஸ், ஹெல்லாஸ், நோவாக்கிஸ் என்று இத்தனை பகுதிகளை எதை வைத்துப் பிரிக்கிறார்கள், பாறையைத் தொடாமலே அதன் வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நிறத்தை வைத்துப் பிரிப்பதில்லை. முதலில் உயரம், அடுத்து மோதல் பள்ளங்களின் (விண்கற்கள் மோதிப் பறித்தவை) நெருக்கம், மூன்றாவதாகக் கனிமம். சிவப்பு என்பது காற்று அள்ளிக்கொண்டு திரியும் துருப்பிடித்த இரும்புத் தூசி. 2013-இல் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் முதல் துளையைப் போட்டது. 1.6 செ.மீ. அகலம், 6.4 செ.மீ. ஆழம். வெளியே வந்த பொடி சாம்பல் நிறம். செம்மை மேல்பூச்சு மட்டுமே. அடியில் இருப்பது பெரும்பாலும் பசால்ட், அதாவது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கறுத்த எரிமலைப் பாறை. அல்லது அது சிதைந்து, கரைந்து, மறுபடி படிந்து உருவான ஏதோ ஒன்று.

தொலைநோக்கியில் தெரியும் கரிய திட்டுகளும் ஏமாற்றுபவைதான். 1659-இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் வரைந்த சிர்ட்டிஸ் மேஜரைக் கடல் என்றும் தாவரம் என்றும் வெகுகாலம் நம்பினார்கள். உண்மையில் அது ஒரு தட்டையான எரிமலை. காற்று அங்கே தூசியைத் தங்க விடாததால் பசால்ட் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தூசி நகர்ந்தால் அந்தத் திட்டின் விளிம்பும் நகரும். ஆகவே கரிய, வெளிறிய திட்டுகள் வானிலையைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு நிலவியலைப் பற்றிச் சொல்லாது.

நீங்கள் எடுக்க வேண்டியது மோலா உயர வரைபடம். மார்ஸ் குளோபல் சர்வேயர் சுற்றுக்கலம் லேசர் துடிப்புகளைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளந்து, 60 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளில் எடுத்த உயரம் அது. நீலம் தாழ்வு, பச்சையும் மஞ்சளும் நடுத்தரம், சிவப்பு மேடு, வெள்ளை உச்சி. இங்கேயே பலர் தடுக்கி விழுகிறார்கள்: நீலத்தைப் பார்த்ததும் தண்ணீர் நினைவுக்கு வந்துவிடுகிறது. அது வெறும் வண்ணக் குறியீடு.

இன்னும் சில பொறிகள். செவ்வாயில் கடல் இல்லை, ஆகவே கடல் மட்டமும் இல்லை. முன்பு காற்றழுத்தம் 6.1 மில்லிபார் இருக்கும் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்திருந்தார்கள். மோலாவுக்குப் பிறகு ஈர்ப்பு விசையைக் கொண்டு வரையறுத்த ஒரு சமமட்டப் பரப்பு பூஜ்யமானது. பழைய புத்தகத்தில் ஒலிம்பஸ் மலைக்கு 25 கி.மீ., 27 கி.மீ. என்றெல்லாம் இருக்கும், இன்றைய கணக்கு கிட்டத்தட்ட 22 கி.மீ. தீர்க்கரேகையிலும் இதே குழப்பம் உண்டு. பழைய வரைபடங்கள் மேற்கு நோக்கி எண்ணும். இப்போதையவை கிழக்கு நோக்கி 0 முதல் 360 வரை. ஒலிம்பஸ் 134° மேற்கு என்றாலும் 226° கிழக்கு என்றாலும் ஒரே இடம்தான். அட்சரேகைக்கும் இரண்டு வரையறைகள் இருக்கின்றன: கோளின் மையத்திலிருந்து அளக்கும் கோணம் ஒன்று, தரைக்குச் செங்குத்தான கோட்டை வைத்து அளப்பது மற்றொன்று. நடு அட்சங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 டிகிரிக்குச் சற்று மேல் போகும். அங்கே ஒரு டிகிரி சுமார் 59 கி.மீ. என்பதால், கலந்தடித்தால் 20 கி.மீ. தள்ளிப்போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள். எந்த வரையறை என்பதை வரைபடத்தின் ஓரக்குறிப்பில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெயர்களில் ஒட்டியிருக்கும் லத்தீன் சொல் தோற்றத்தை மட்டும் சொல்லும், தோன்றிய காரணத்தைச் சொல்லாது. பிளானீஷியா தாழ்சமவெளி, பிளானம் மேட்டுச்சமவெளி, டெர்ரா பரந்த நிலம், மான்ஸ் மலை, வாலிஸ் பள்ளத்தாக்கு, காஸ்மா செங்குத்துச் சுவர் கொண்ட பெரும்பிளவு, ஃபோசா நீண்ட ஒடுங்கிய அகழி, கேயாஸ் உடைந்து சிதறிய நிலம். பெரிய பள்ளத்தாக்குகளுக்குப் பல மொழிகளில் செவ்வாயைக் குறிக்கும் சொற்களையே சூட்டியிருக்கிறார்கள்: ஜப்பானியத்தில் காசெய், எபிரேயத்தில் மாடிம், சமஸ்கிருதத்தில் மங்கள. மங்களவாரம் என்ற பெயரில் இருக்கும் அதே மங்களன்தான்.

இப்போது வரைபடம். முதல் பார்வையில் கண்ணில் அறைவது, கோள் இரண்டாகப் பிளந்து கிடப்பது. வடக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வழவழப்பான தாழ்நிலம், மீதி பள்ளங்கள் மண்டிய மேட்டுநிலம். இரண்டுக்கும் உயர வித்தியாசம் சராசரியாகச் சுமார் 5 கி.மீ. மேலோட்டின் தடிமனும் அப்படியே: வடக்கில் மெலிந்தது, தெற்கில் பருத்தது. ஏன் இப்படி என்பதற்கு இரண்டு விளக்கங்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. பிறந்த புதிதில் பிரம்மாண்டமான ஒரு பொருள் வடக்கில் மோதியது என்பது ஒன்று. உள்ளே சூடான பாறையின் சுழற்சி ஒரு பக்கமாகவே நடந்து மேலோட்டைத் தடிக்க வைத்தது என்பது மற்றொன்று. எனக்கு முதலாவது சற்று வலுவாகப் படுகிறது, ஆனால் வழக்கு முடியவில்லை.

வடக்கு வழவழப்பாக இருப்பதால் அதன் அடித்தளமும் இளமையானது என்று நினைத்துவிடாதீர்கள். மோலா தரவில் கூர்ந்து பார்த்தால், படத்தில் தெரியாத, புதையுண்ட வட்டத் தாழ்வுகள் ஏராளமாகத் தெரிகின்றன. பழைய பள்ளங்களின் ஆவிகள் அவை. அவற்றை எண்ணினால் அடித்தளம் தென்மேட்டுக்கு ஏறக்குறைய சமமான வயது. மேலே லாவாவும் வண்டலும் பாய் விரித்தது போல மூடியிருக்கின்றன.

இந்த எண்ணும் வித்தையே வயதுக் கணிப்பின் அடிப்படை. ஒரு நிலம் எவ்வளவு காலம் வெயிலில் கிடந்ததோ அவ்வளவு விண்கற்கள் அதில் விழுந்திருக்கும். ஒரே மாதிரியான, ஒரே சமயத்தில் உருவான பரப்பு ஒன்றை வரைந்துகொள்ள வேண்டும். அதற்குள் இருக்கும் பள்ளங்களை அளவுவாரியாக எண்ண வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று வகுத்து, எத்தனை பள்ளத்துக்கு எவ்வளவு வயது என்று காட்டும் வரைகோட்டில் பொருத்த வேண்டும். அந்த வரைகோட்டை நிலவிலிருந்துதான் கடன் வாங்கியிருக்கிறோம்: அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் லூனாவும் கொண்டுவந்த கற்களின் வயது ஆய்வகத்தில் தெரியும், அவை கிடந்த நிலத்தின் பள்ள எண்ணிக்கையும் தெரியும். செவ்வாயில் கற்கள் விழும் வேகம் வேறு என்பதால் அதற்கேற்பத் திருத்துகிறார்கள்.

தவறு எங்கே வரும்? சிறு பள்ளங்களில். எலிசியம் பக்கம் சுனில் என்ற 10 கி.மீ. பள்ளம் இருக்கிறது. அது உருவானபோது தெறித்த துண்டுகள் மட்டுமே சுமார் ஒரு கோடி சிறு பள்ளங்களை உண்டாக்கின. விண்ணிலிருந்து தனித்தனியே விழுந்தவை என்று அவற்றை எண்ணினால், ஒரே நாளில் நடந்ததற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கணக்கில் ஏற்றிவிடுவீர்கள். எதிர்ப்பிழையும் உண்டு: மணல் மூடி, காற்று அரித்துச் சிறு பள்ளங்கள் அழிந்திருந்தால் நிலம் உண்மையைவிட இளமையாகத் தெரியும். அதனால்தான் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பள்ளங்களை நம்புவது பாதுகாப்பு. சின்னப் பரப்பில் நாலைந்து பள்ளங்களை வைத்து வயது சொல்லும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

இப்படிக் கிடைத்த காலவரிசையில் மூன்று பெரிய பிரிவுகள். நோவாக்கியன் சுமார் 410 முதல் 370 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஹெஸ்பீரியன் அங்கிருந்து சுமார் 300 கோடி வரை, அமேசோனியன் அதன் பிறகு இன்றுவரை. எந்தப் பகுதியின் நிலம் அந்தக் காலத்துக்கு மாதிரியோ அதன் பெயர்தான் காலத்துக்கும்: நோவாக்கிஸ் டெர்ரா, ஹெஸ்பீரியா பிளானம், அமேசோனிஸ் பிளானீஷியா. எல்லை ஆண்டுகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எது முந்தியது, எது பிந்தியது என்பது உறுதி. எத்தனை கோடி என்பது கணக்கிடும் முறைக்கு ஏற்பப் பல பத்துக் கோடிகள் ஆடும்.

இந்த வரிசையில் கனிமங்களையும் பொருத்தலாம். மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் ஒமேகா கருவி செய்தது அதுதான். மிகப் பழைய நிலத்தில் களிமண் கனிமங்கள்: அமிலமில்லாத நீர் நெடுங்காலம் ஊறியதற்கு அடையாளம். அடுத்த அடுக்குகளில் சல்பேட்டுகள் என்ற கந்தக உப்புகள்: நீர் குறைந்து, உப்பேறி, சில இடங்களில் அமிலமாகி, வற்றிய காலம். அதற்குப் பிறகு நீர் ஏறாத இரும்பு ஆக்சைடு, அதாவது இன்றைய துரு. கியூரியாசிட்டி கேல் பள்ளத்துக்குப் போனதே இதற்காகத்தான். 154 கி.மீ. அகலமுள்ள அந்தப் பள்ளத்தின் நடுவே 5 கி.மீ.க்கு மேல் உயர்ந்து நிற்கும் ஷார்ப் மலையின் அடிவாரத்தில் களிமண் அடுக்கு, அதற்கு மேலே சல்பேட் அடுக்கு. ஏறிக்கொண்டே போனால் காலமும் நகரும்.

தெற்கு மேட்டுநிலத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. டெர்ரா சிம்மீரியா, டெர்ரா சைரேனம் பகுதிப் பாறைகளில் வலுவான காந்தப் பதிவு உண்டு. இன்று செவ்வாய்க்குக் கோளளாவிய காந்தப்புலம் கிடையாது. ஆக ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. ஹெல்லாஸ், ஆர்கைர் என்ற மாபெரும் மோதல் பள்ளங்களுக்குள் அந்தப் பதிவு இல்லை. மோதலில் உருகிய பாறை ஆறும்போது பதிய வேண்டிய காந்தப்புலம் அப்போது நின்றுபோயிருந்தது என்பதே எளிய விளக்கம். காந்தப்புலம் போனதும் சூரியக்காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம், வளிமண்டலத்தை அரிக்க வழி திறந்தது. இன்று தரையில் சராசரி அழுத்தம் சுமார் 6 மில்லிபார்; நம் கடல்மட்ட அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஹெல்லாஸ் சுமார் 2,300 கி.மீ. அகலம், அடித்தளம் பூஜ்ய மட்டத்துக்குச் சுமார் 8 கி.மீ. கீழே. அவ்வளவு ஆழத்தில் காற்றழுத்தம் சராசரியைப் போல இருமடங்கு இருக்கும். நீர் திரவமாக நிற்கக் குறைந்தது 6.1 மில்லிபார் வேண்டும் என்பதால், கணக்குப்படி அங்கே அழுத்தம் போதும். ஆனால் குளிர் விடாது. கோளின் சராசரி வெப்பநிலை −60°C-ஐ ஒட்டியது.

மேற்கே தார்சிஸ். சுமார் 5,000 கி.மீ. பரந்த வீக்கம், அதன் மேல் ஆர்சியா, பவோனிஸ், அஸ்க்ரேயஸ் மூன்று எரிமலைகளும் ஒரே கோட்டில். சற்றுத் தள்ளி வடமேற்கில் ஒலிம்பஸ். இவ்வளவு பெரிதாக வளரக் காரணம், செவ்வாயின் மேலோடு தட்டுகளாக உடைந்து நகராததுதான். பூமியில் அடியிலிருந்து எழும் சூடான பாறையின் ஊற்று ஓரிடத்தில் நிற்க, தட்டு அதன் மேல் நகர்ந்து போவதால் ஹவாய் போல எரிமலைகள் சங்கிலியாக வரிசைகட்டுகின்றன. செவ்வாயில் ஊற்றும் நகரவில்லை, மேலோடும் நகரவில்லை. லாவா ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம்தான் என்பதால் தன் எடையில் மலை அமிழ்வதும் குறைவு.

ஒலிம்பஸின் அடி அகலம் சுமார் 600 கி.மீ., சரிவு சராசரியாக 5 டிகிரி. படங்களில் ஊசிமுனை போலத் தெரிந்தால் உயரத்தை மட்டும் இழுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சரிவில் நின்றால் மலையில் நிற்கிறோம் என்றே தெரியாது. தொடுவானம் அவ்வளவு அருகில், சரிவு அவ்வளவு மென்மை. உண்மையான செங்குத்து அதன் அடிவிளிம்பில்: சில இடங்களில் 8 கி.மீ. வரை உயரும் சுவர். உச்சியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த ஆறு எரிமலைவாய்கள். சரிவின் சில லாவா ஓட்டங்கள் சில பத்து லட்சம் ஆண்டுப் பழமை மட்டுமே என்று பள்ளக் கணக்கு சொல்கிறது.

தார்சிஸுக்குக் கிழக்கே 4,000 கி.மீ. நீளத்துக்கு வாலெஸ் மரினெரிஸ் பள்ளத்தாக்கு, மரினர் 9 சுற்றுக்கலம் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஆழம் 7 கி.மீ. வரை. இதை ஆறு அறுத்த பள்ளத்தாக்கு என்று எழுதுகிறவர்களுக்கு ஹெபெஸ் காஸ்மாவைக் காட்டுங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த, 300 கி.மீ.க்கு மேல் நீண்ட பிளவு; நாலாபுறமும் அடைபட்டது. உள்ளே வர வழியுமில்லை, வெளியேறவும் வழியில்லை. ஆறு அறுத்திருந்தால் மண் எங்கே போயிற்று? தார்சிஸ் வீங்கியபோது மேலோடு இழுபட்டுப் பிளந்து, நடுப்பகுதி கீழே இறங்கியது. பிறகு நிலச்சரிவுகள் சுவர்களை இடித்து அகலமாக்கின. தண்ணீரின் வேலை கிழக்கு முனையில் தெரியும். அங்கே நிலத்தடி நீர் ஒரேயடியாகப் பீறிட்டு, மேல்நிலம் உடைந்து சரிந்து கேயாஸ் நிலமானது. அந்த வெள்ளம் வடக்கே கிரைசி சமவெளிக்குப் பாய்ந்த தடத்தில் ஒன்றுதான் ஆரெஸ் வாலிஸ். 1997-இல் பாத்ஃபைண்டரை அதன் வாயில் இறக்கினார்கள், வெள்ளம் பலவகைக் கற்களையும் கொண்டுவந்து சேர்த்திருக்கும் என்று. கற்கள் கிடைத்தன, எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்ற முகவரி கிடைக்கவில்லை. நிலவியலாளருக்கு முகவரி இல்லாத கல் பாதிக் கல்.

எலிசியம் இரண்டாவது எரிமலைப் பகுதி, தார்சிஸைவிடச் சிறியது, ஆனால் இன்னும் உயிர் இருப்பது இங்கேதான். இன்சைட் கலத்தின் அதிர்வுமானி 2018 முதல் 2022 வரை கேட்டுக்கொண்டிருந்தபோது, இடம் குறிக்க முடிந்த நடுக்கங்கள் பல செர்பரஸ் ஃபோசே என்ற பிளவுகளிலிருந்து வந்தன. பதிவானவற்றில் பெரியது 2022 மே 4-ஆம் தேதி, அளவு 4.7.

துருவங்களில் வடக்குத் தொப்பி சுமார் 1,000 கி.மீ. அகலம், ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் தடித்த நீர்ப்பனி. இடையிடையே தூசி அடுக்குகள். தெற்கிலும் அடியில் நீர்ப்பனிதான், மேலே சில மீட்டருக்கு உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. குளிர்காலத்தில் வளிமண்டலத்தில் கால் பங்கு அளவு துருவத்தில் உறைந்து படிவதால் கோள் முழுக்க அழுத்தம் ஏறி இறங்கும். பனி துருவத்தோடு நிற்பதில்லை. பீனிக்ஸ் கலம் 2008-இல் 68° வடக்கில் சில சென்டிமீட்டர் தோண்டியதும் பனியைத் தொட்டது. 2021 டிசம்பர் 24-இல் அமேசோனிஸில் விழுந்த கல் 150 மீட்டர் பள்ளம் பறித்து, 35° அட்சத்திலேயே பனிக்கட்டிகளைத் தூக்கிப் போட்டது. பள்ளத்தைச் சுற்றிச் சேறு தெறித்த மாதிரி மடல் மடலாக விளிம்பு கட்டியிருந்தால் அடியில் பனியோ ஈரமோ இருந்தது என்று ஊகிக்கலாம்.

சுற்றுக்கலப் படத்தில் பாறையா தூசியா என்று பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு: மார்ஸ் ஒடிசி சுற்றுக்கலத்தில் உள்ள தெமிஸ் கருவியின் இரவு அகச்சிவப்புப் படம். பகலில் வாங்கிய சூட்டைப் பாறை இரவிலும் பிடித்து வைத்திருக்கும், தூசி உடனே விட்டுவிடும். இரவுப் படத்தில் வெளிச்சமாக இருப்பது பாறை, கறுப்பு தூசி. தார்சிஸின் பெரும்பகுதி இரவில் கறுப்பு. உயரமும் கெடுதல்: மெல்லிய காற்றில் பாராசூட் வேகத்தைக் குறைக்க ஆழமான வளிமண்டலம் வேண்டும். எந்தக் கலமும் அங்கே இறங்காததற்கு இந்த இரண்டும் போதும்.

இவ்வளவு பார்த்தும் ஏமாந்த இடங்கள் உண்டு. குசெவ் பள்ளத்துக்குள் மாடிம் பள்ளத்தாக்கு திறக்கிறது, ஆகவே ஏரி வண்டல் இருக்கும் என்று 2004-இல் ஸ்பிரிட் ஊர்தியை இறக்கினார்கள். கிடைத்தது லாவா சமவெளி. ஏரி இருந்திருந்தாலும் பசால்ட் அதை மூடிவிட்டது. நீரின் தடயம் கொலம்பியா குன்றுகளுக்கு ஏறியபின்தான் வந்தது. சுழலாமல் போன ஒரு சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனபோது கீறிய தடத்தில், 2007-இல், 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா உள்ள வெண்மண் வெளிப்பட்டது. வெந்நீர் ஊற்றோ ஆவித்துளையோ இருந்த இடம். 2009-இல் மெல்லிய ஓடு உடைந்து அடியிலிருந்த தளர்ந்த மணலில் அதே ஊர்தி புதைந்தது, மீளவில்லை.

மண்ணின் மேலோடு கெட்டி, அடி பொலபொலப்பு, அல்லது நேர்மாறாக. இது படத்தில் தெரியாது. இன்சைட்டின் துளைக்கருவி 5 மீட்டர் இறங்க வேண்டியது, தரைமட்டத்துக்குக் கீழே போய் ஒளிந்ததோடு நின்றுவிட்டது. சுத்தியல்போல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு இறங்கும் கருவி அது, ஒவ்வொரு அடியின் பின்னுதைப்பையும் தாங்க உராய்வு தேவை. அங்கிருந்த மண் கட்டிபிடித்து, கருவியைச் சுற்றிக் குழியாக ஒதுங்கிக்கொண்டது. ஜெசெரோ பள்ளத்தில் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 ஆகஸ்டில் எடுத்த முதல் மாதிரிக் குழாய் காலியாக இருந்ததும் பாறை பொடியாக உதிர்ந்ததால்தான். கருவியில் பழுதில்லை.

கையோடு பழக ஓரிடம் வேண்டுமென்றால் 18° வடக்கு, 77° கிழக்கைத் திறந்துகொள்ளுங்கள். வலப்பக்கம் ஐசிடிஸ், 1,500 கி.மீ. மோதல் பள்ளம். அந்த மோதலின் அதிர்ச்சியில் விளிம்பைச் சுற்றி வளைந்து வெடித்த அகழிகள் நிலி ஃபோசே. தெற்கே கறுத்துக் கிடப்பது சிர்ட்டிஸ் மேஜரின் லாவா. அது பழைய நிலத்தின்மேல் ஏறிப் படிந்திருக்கும் கோட்டைத் தேடுங்கள், எது முந்தியது என்று அதுவே சொல்லும். நடுவே 45 கி.மீ. வட்டம் ஜெசெரோ, மேற்குச் சுவரை உடைத்துக்கொண்டு நுழையும் ஆற்றுத்தடமும் அதன் நுனியில் விசிறிபோல் விரியும் டெல்டாவும் ஒரு புள்ளிக்கு ஆறு மீட்டர் துல்லியமுள்ள படத்திலேயே தெரியும். கிழக்குச் சுவரில் நீர் வெளியேறிய உடைப்பையும் பார்த்துவிட்டால், அங்கே நின்றது வெறும் குட்டையல்ல, நிரம்பி வழிந்த ஏரி என்று நீங்களே எழுதிவிடலாம்.